அன்றைய அறிவுக்கு எட்டாதது

டாக்டர் கார்மேகம் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றைப் பிற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியது இருபத்து மூன்றாயிரம் தடவைக்கு மேல். திருச்சியில் அவர் வேலை பார்த்த சிசு நல ஆய்வு மையத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே இந்த இரண்டு எண்களும் காதில் விழுந்துவிடும். அவரிடம் படித்தவர்கள் மற்ற ஊர்களுக்கு வேலைக்குப் போகும்போது, அவருடைய மேற்கோள் எண்ணிக்கையைத் தங்கள் சொத்து மாதிரி சொல்லிக்கொள்வார்கள்.

2046ஆம் ஆண்டு அவருக்கு அறுபத்து மூன்று வயது. நாட்டின் மிகப் பெரிய மருத்துவ ஆய்வு விருதுக்கான இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. முன்பு என்றால் அந்த இரண்டு எண்களே போதும். இப்போது கூடவே 'தடம்' அறிக்கையும் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தடம் அலுவலகத்திலிருந்து அஃப்ரின் என்ற இளம் அதிகாரி அவர் அறைக்கு வந்தாள்.

"நான் மேற்கோள் காலத்து ஆளும்மா. உங்க மெஷின் என்ன பண்ணுதுன்னு சுருக்கமா சொல்லுங்க" என்றார் கார்மேகம்.

"மேற்கோள்னா ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைச் சுட்டறது. நாங்க அங்க நிக்கறதில்ல சார். கட்டுரையிலிருந்து சிகிச்சை விதிமுறைக்குப் போவோம். அங்கேயிருந்து ஆஸ்பத்திரி, அப்புறம் கேஸ் ஷீட். கேஸ் ஷீட்ல ஒரு ஆள் இருப்பாங்க இல்லையா? அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்போம். உங்க கட்டுரை மனுஷங்க மேல பட்டு எப்படி முடிஞ்சுதுங்கறதுதான் இந்த அறிக்கை."

கார்மேகம் தலையசைத்தார். எந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். 2024இல் வந்தது. பிறந்த சில நாட்களில் இரத்தத்தில் கிருமி ஏறிய குழந்தைகளுக்கு அதுவரை பதினான்கு நாள் ஊசி போடுவார்கள். தாலுகா ஆஸ்பத்திரிகளில் அத்தனை நாள் யாரால் தங்க முடியும்? பாதியிலேயே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் குழந்தை இறந்துபோகும். அதே ஊசி மருந்தைப் பெரிய அளவில் மூன்றே நாளில் போட்டு முடிக்கலாம் என்று காட்டியவர் கார்மேகம். மூன்று நாள் முறை என்றே அதற்குப் பெயர் வந்தது. அவருடைய மேற்கோள்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு கட்டுரைக்கு.

"மூணு நாள் முறையால மட்டும் பிழைச்ச குழந்தைங்க நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி எண்பது பேர் சார்" என்றாள் அஃப்ரின். சற்றுத் தயங்கி, "அதுல ஒருத்தன் என் தம்பி. பட்டியல்ல அவன் பேரைப் பார்த்துட்டுத்தான், இந்த அறிக்கையை நானே நேர்ல கொண்டு வரேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். எங்கம்மா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

கார்மேகம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னொரு பக்கமும் இருக்கு சார்" என்று அவள் தாளைத் திருப்பினாள். "இரண்டாயிரத்து முந்நூத்தி ஆறு குழந்தைங்களுக்குக் காது கேக்காம போயிருக்கு. எல்லாமே ஒண்ணே முக்கால் கிலோவுக்குக் கீழே பிறந்தது. அவங்களுக்குப் பாதி அளவு மருந்தே போதுமாயிருந்திருக்கும்னு மெஷின் சொல்லுது. ஆனா இது உங்க மேல வராது. உங்க ஆய்வுல அந்த எடையில பதினோரு குழந்தைங்கதான் இருந்திருக்காங்க. பதினொண்ணும் தொடர் பரிசோதனைக்கு வரலைன்னு கட்டுரையில ஒரு வரி இருக்கு. அதனால 'அன்றைய அறிவுக்கு எட்டாத விளைவு'ன்னு வகைப்படுத்தியிருக்கோம். நீங்க ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அப்போதைய பதிவுகளை எல்லாம் பார்த்தீங்களா?"

"பத்து வருஷத்துக்கு அப்புறம் அழிச்சிடலாம்னு அன்னிக்கு விதி இருந்திருக்கு. ஒண்ணுமே இல்ல."

"வேற யாரும் இதைப் பத்தி எழுதலையா?"

"எங்க மெஷின் மேற்கோள் வழியாத்தான் நடக்கும் சார். யாருமே சுட்டாத கட்டுரைக்குப் பாதை கிடையாது. அப்படி லட்சக்கணக்குல கிடக்கு."

கார்மேகம் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை. "இப்பவும் அதே அளவுதான் போடறாங்களா?" என்று கேட்டார்.

"இப்பவும்தான். அறிக்கை வெளியானதும் விதிமுறைக் குழுவுக்கு அனுப்புவோம். எடை குறைஞ்சு பிறந்ததாலயே காது போயிருக்கலாமேன்னு அவங்க கேப்பாங்க. புதுசா ஒரு ஆய்வு வைப்பாங்க. மூணு நாலு வருஷம் ஆகும்."

"ஒரு வாரம் டைம் குடுங்கம்மா" என்றார் அவர்.

அஃப்ரினுக்கு ஏன் என்று புரியவில்லை. இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பதினோரு குழந்தைகளும் தொடர் பரிசோதனைக்கு வந்திருந்தன. ஆறு மாதம் கழித்து, சொல்லி வைத்த நாளில், பெற்றவர்கள் பஸ் மாறி மாறித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேட்கும் திறனைச் சோதித்தவள் ஹெப்சிபா. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. மையத்தில் இருந்த ஒரே கேட்பியல் நிபுணர். ஏழு குழந்தைகளுக்குக் காது கேட்கவில்லை. அதோடு அவள் நிற்கவில்லை. அதே எடையில் பிறந்து பழைய பதினான்கு நாள் ஊசி போட்டுக்கொண்ட இருபது குழந்தைகளையும் தேடிப் பிடித்துச் சோதித்தாள். அவற்றில் ஒன்றுக்குத்தான் குறை இருந்தது.

அந்தக் காகிதங்களோடு அவள் வந்து நின்ற நாளில் கார்மேகம் தலைக்கு மேல் வேலையில் இருந்தார். வெளிநாட்டில் ஒரு குழு இதே முறையை வெளியிடப் போகிறது என்று செய்தி வந்திருந்தது. பதினொன்று என்பது ஒரு எண்ணிக்கையா, எடை குறைந்த குழந்தைகளுக்குக் காது போவது புதிதா, அதை அப்புறம் தனியாக ஆராய்ந்துகொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்த 'அப்புறம்' வரவில்லை. கட்டுரையில் ஐந்தாவது பெயராக ஹெப்சிபாவைச் சேர்த்தார். மறு வருடம் அவள் தனியாக ஒரு இரண்டு பக்கக் கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். மதிப்பிடுகிறவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாத முறையில் அது மதிப்பீட்டுக்குக் கார்மேகத்திடமே வந்தது. மூன்று வரியில் நிராகரித்தார். பின்னால் அது ஏதோ ஒரு சிறிய சங்கத்தின் மலரில் வந்தது என்று கேள்விப்பட்டார். ஹெப்சிபா வேலையை விட்டுப் போயிருந்தாள்.

அவள் இப்போது சங்கரன்கோவிலில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். வியாழக்கிழமை விடிந்ததும் காரில் கிளம்பினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஹெப்சிபா வகுப்பறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று. இருவருக்கும் நடுவில் ஒரு மஞ்சள் பலூன். ஹெப்சிபா பலூனில் வாயை வைத்து 'பா' என்றாள். மறுபக்கம் கன்னத்தை வைத்திருந்த குழந்தை அந்த அதிர்வை உணர்ந்து சிரித்தது. பிறகு அதுவும் வாயை வைத்தது. வந்த சத்தம் எந்த எழுத்திலும் சேராது. ஹெப்சிபா கைதட்டினாள்.

நிமிர்ந்து பார்த்தவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். முடி முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க டாக்டர். எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். கட்டுரையில அஞ்சாவது பேரு என்னுதுல்லா? எனக்கும் அறிக்கை வந்துச்சு."

"கையெழுத்துக் கேட்டாங்களா?"

"நேத்தே போட்டு அனுப்பிட்டேன்."

கார்மேகம் திகைத்து நின்றார். வழி நெடுக எத்தனையோ விதமாக யோசித்துக்கொண்டு வந்திருந்தார். அவள் திட்டுவாள், கதவைச் சாத்துவாள், அழுவாள். இதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"அன்னிக்குத் தெரியாதுன்னு நீங்களா எழுதிக் குடுத்தீங்க, ஹெப்சிபா?"

"ஏன், பொய் சொல்ல உங்களுக்கு மட்டும்தான் உரிமையா?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. குழந்தையை ஆயாவிடம் அனுப்பிவிட்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அது பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலி. முழங்கால் நெஞ்சைத் தொடும்படி உட்கார்ந்தார்.

"உங்க கட்டுரையை நிராகரிச்சது நான்தான்" என்றார்.

"அதுவும் அன்னைக்கே தெரியும். 'பதினோரு குழந்தைகளை வைத்து முடிவுக்கு வர முடியாது'ன்னு எழுதியிருந்தீங்க. நான் அந்தக் கட்டுரையில காது போன ஏழு பிள்ளைகளையும் பழைய ஊசி போட்ட இருபது பிள்ளைகளையும் பத்தி மட்டும்தான் எழுதியிருந்தேன். சோதனைக்கு வந்தது மொத்தம் பதினொண்ணுன்னு தெரிஞ்சவங்க இந்த உலகத்துல ரெண்டே ரெண்டு பேரு."

கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த இருபது குழந்தைங்களோட ஒப்பீடு உங்க கட்டுரையிலதான் இருக்கு. நான் ஒரு திருத்தக் குறிப்பு எழுதி அதை மேற்கோள் காட்டினா, விதிமுறைக் குழுவால மறுக்க முடியாது. உடனே அளவை மாத்திடுவாங்க" என்றார்.

"வேண்டாம்."

"ஹெப்சிபா..."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னை நல்லவன்னு நினைச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. ஒரு தடவ எழுதினேன், யாரும் படிக்கல. அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்? ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொன்னேனா? ஒரு பேப்பர்காரன்ட்ட போய் நின்னேனா? உங்க கட்டுரையில என் பேரு இருந்ததாலதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுமதியே கிடைச்சுது. இப்ப இங்க எழுபத்தெட்டு பிள்ளைங்க. அதுல அம்பத்திரெண்டு அந்த ஊசி போட்ட பிள்ளைங்க. சேர்க்க வரும்போது ஒவ்வொரு அம்மாவும் கேப்பா, 'டீச்சர், எதனால இப்படி ஆச்சு?'ன்னு. கடவுள் சித்தம்னு சொல்லுவேன். அம்பத்திரெண்டு தடவ சொல்லியிருக்கேன் டாக்டர். என் கட்டுரை வெளிச்சத்துக்கு வந்தா, டீச்சருக்குத் தெரிஞ்சே இருந்திருக்குன்னு தெரிஞ்சுபோகும். அப்புறம் நான் எப்படி அவங்க முன்னால நிப்பேன்?"

அதற்குப் பதில் சொல்லத் தகுதி உள்ள ஆள் தான் இல்லை என்று தோன்றியது. கிளம்பும்போது, "உங்க பேரை நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

திருச்சிக்குத் திரும்பி ஒன்றரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அவர் எழுதியதிலேயே மிகச் சிறியது அதுதான். ஆனால் இரண்டு நாள் பிடித்தது. 'தொடர் பரிசோதனைக்கு வரவில்லை என்று நான் எழுதிய பதினோரு குழந்தைகளும் வந்திருந்தார்கள்' என்பது முதல் வரி. முடிவைத் தான் ஒருவனே மறைத்ததாகவும் வேறு யாருக்கும் பொறுப்பு இல்லை என்றும் எழுதினார். மேற்கோள் பட்டியல் இல்லாமல் அவர் வெளியிட்ட முதல் எழுத்து அது. விருதுப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும்படி தனிக் கடிதம் போட்டார்.

குறிப்பு வெளியாகிச் சில நாள் கழித்து அஃப்ரின் போனில் கூப்பிட்டாள்.

"எங்கம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல சார்" என்றாள். "உங்க பேரைத் தொழுகையில சேர்த்துச் சொல்றவங்க அவங்க."

"உண்மையைச் சொல்லுங்கம்மா."

"குழுகிட்டயிருந்து பதில் வந்திருக்கு. உங்க நேர்மையைப் பாராட்டியிருக்காங்க. ஆனா ஒப்பீடு இல்லாம அளவை மாத்த முடியாதாம். புது ஆய்வுக்கு ஏற்பாடு பண்றோம்னு எழுதியிருக்காங்க."

அது அவர் எதிர்பார்த்ததுதான். ஒப்பீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பதா, குழந்தைகளுக்காக அதை மீறுவதா என்று பத்துப் பன்னிரண்டு நாள் தவித்தார். முன்பு ஒருமுறை அவளுடைய கட்டுரையை அவளைக் கேட்காமல் புதைத்தவர் அவர். இப்போது அவளைக் கேட்காமல் தோண்டி எடுக்கக் கை வரவில்லை. மருத்துவமனைப் பக்கம் போனால் எடை போடும் மேஜையைப் பார்க்காமல் நடந்தார்.

பதின்மூன்றாம் நாள் அஃப்ரின் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை மூச்சு வாங்கப் பேசினாள்.

"சார், உங்க குறிப்புக்கு ஒரு மேற்கோள் வந்திருக்கு. சங்கரன்கோவில்லேர்ந்து ஹெப்சிபான்னு ஒருத்தங்க ஒரு பக்கம் எழுதியிருக்காங்க. அதுல ரெண்டே மேற்கோள். ஒண்ணு உங்க குறிப்பு. இன்னொண்ணு அவங்களே இருபத்தொரு வருஷம் முன்னாடி எழுதின கட்டுரை. அதுல ஒப்பீடு இருக்கு சார்! மெஷினுக்குப் பாதை கிடைச்சிடுச்சு. குழுவுக்கு அப்பவே போயிடுச்சு."

கார்மேகம் ஹெப்சிபாவைப் போனில் அழைத்தார். ஏன் மனம் மாறினாள் என்று கேட்டார்.

"போன திங்கக்கிழமை ஒரு அம்மா வந்தா டாக்டர். கைக்குழந்தை. இந்த வருஷம் மாசி மாசம் பிறந்தது. ஒண்ணரைக் கிலோ. டிஸ்சார்ஜ் சீட்டில மூணு நாள் ஊசின்னு எழுதியிருந்துச்சு. 'எதனால டீச்சர்?'ன்னு கேட்டா. அம்பத்திமூணாவது தடவ எனக்கு வாய் வரல. அடுத்த வாரம் சனிக்கிழமை எல்லாப் பெற்றோரையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்க. தனியா நிக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் பள்ளிக்கூடக் கூடம் நிரம்பிவிட்டது. ஹெப்சிபா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய பிள்ளைகள் சிலர் பின்னால் நின்றிருந்ததால், வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் கைச்சைகையிலும் சொன்னாள். 'எனக்குத் தெரியும்' என்று நெற்றியைத் தொட்டு இரண்டு தடவை காட்டினாள். கார்மேகம் எழுந்து, மறைத்தவன் நான் என்றார்.

கூச்சல் எழும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். எழவில்லை. இரண்டு மூன்று பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே போனார்கள். ஒரு ஆள் ஹெப்சிபாவைப் பார்த்து, "உங்கள நம்பித்தானே விட்டோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து கார்மேகத்தின் முன்னால் வந்து நின்றாள். பெயர் வைரமணி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள் என்று பிறகு தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

"இவளுக்கு முன்னால ரெண்டு பிள்ளை பெத்தேன் சார். ரெண்டும் ஒரு வாரத்துலயே போயிருச்சு. இவ மட்டும் அந்த ஊசியில பொழைச்சா" என்றாள். "இப்ப, பாதி ஊசி போட்டிருந்தா காதும் நல்லா இருந்திருக்கும்னு சொல்லுதீய. அது முன்னமே தெரியும்னும் சொல்லுதீய. நான் உங்க காலத் தொட்டுக் கும்பிடணுமா, இல்ல உங்கள அடிக்கணுமா? எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். அம்மாவின் முகத்தையும் அவர் முகத்தையும் அந்தச் சிறுமி மாறி மாறிப் பார்த்தாள்.

கார்மேகத்துக்கு எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழக்கம். "தெரியலம்மா" என்றார். வைரமணி மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கு அனுப்புவாளா மாட்டாளா என்று ஹெப்சிபாவுக்கும் தெரியவில்லை.

கூடம் காலியான பிறகு இருவரும் நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள். பாதி அடுக்கியிருக்கையில் கார்மேகத்தின் போன் அடித்தது. அஃப்ரின்.

"நல்ல செய்தி சார். சனிக்கிழமையா இருந்தாலும் உங்களுக்கு உடனே சொல்லணும்னு கூப்பிட்டேன்." அவள் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது, அவரைத் தேற்ற விரும்புகிறாள் என்பதும் தெரிந்தது. "குழு அளவை மாத்திடுச்சு. எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தாச்சு. கடைசியா இருந்த ரெண்டு தாலுகா ஆஸ்பத்திரியும் இன்னிக்குக் காலையில பாதி அளவுக்கு மாறிட்டாங்க. இனிமே ஒரு குழந்தைக்கும் காது போகாது. அந்தம்மா கட்டுரைக்கு மேற்கோள் வந்த நாள்லேர்ந்து எண்ணிப் பார்த்தேன் சார். மொத்தம் ஒன்பதே நாள்!"

"சரிம்மா" என்றார் கார்மேகம். "ரொம்ப நன்றி."

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கையில் இருந்த நாற்காலியை மடக்காமல் அதிலேயே உட்கார்ந்தார்.

"யாரு டாக்டர்?" என்று கேட்டாள் ஹெப்சிபா. "என்னவாம்?"

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் மாத்திட்டாங்களாம். ஒன்பது நாள்ல முடிஞ்சுதாம்."

ஹெப்சிபாவின் முகத்தில் ஒரு கணம் மகிழ்ச்சி தெரிந்தது. பிறகு அவளும் அந்த ஒன்பது நாளையும் போன இருபத்தொரு வருடத்தையும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கையில் இருந்த நாற்காலியை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஒன்பது நாள்தானா?" என்றாள்.